கட்டிலுக்குக் கீழே இருந்த பேணிகள்

போன வருடம் நத்தார்ப் பண்டிகைக்குக் கொஞ்ச நாள் முன்பு, பலேர்மோவின் லிபெர்த்தா பகுதியில் நான் வேலை செய்யும் வீட்டில் நடந்தது இது. நடக்க முடியாத வயதான வீட்டுக்கார அம்மாவை, சிஞ்ஞோராவை, பகலில் பார்ப்பது நான். இரவில் அங்கேயே தங்கிப் பார்க்க ஓர் உக்ரேனியப் பெண் புதிதாக வந்திருந்தாள். என் வயதுதான் இருக்கும். சிரிக்கமாட்டாள், அளந்துதான் கதைப்பாள்.

முதலில் என் கண்ணில் பட்டவை தகரப் பேணிகள். நான் குப்பையில் போடும் வெறும் மீன் பேணிகளை அவள் எடுத்துக் கழுவித் துடைத்துத் தன் அறைக்குக் கொண்டுபோனாள். பிறகு மாதா படத்துக்கு முன்னால் எரிந்து மிஞ்சும் மெழுகுதிரிக் கட்டைகள் காணாமல் போயின. கேட்டால் ஒன்றுமில்லை என்பாள். உடுப்புத் தோய்க்கும் அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டு போனில் குசுகுசுப்பாள்.

மற்றவர்களுக்கு வெறும் பேணி என்றால் குப்பை. வன்னியில் சண்டைக்குள் வளர்ந்த எனக்கு அப்படி இல்லை. ஆணியும் வெடிமருந்தும் அடைத்துக் கட்டிய பேணிகளைச் சின்ன வயதிலேயே கண்டவள் நான். அவளுடைய நாட்டில் சண்டை நடப்பதும் தெரியும். தனிநாடாகி முப்பது சொச்சம் வருடம்தான், முந்தி ஆண்ட ரஷ்யாவோடு அது மல்லுக்கட்டி நிற்கிறது. சண்டை கடல் கடந்தும் வரும் என்று எங்களுக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை.

துறைமுகத்தில் துப்புரவு வேலை செய்யும் என் கணவர், அவள் கனத்த பெட்டி ஒன்றை வெளிநாட்டு இலக்கத்தகடு போட்ட வான் வண்டியில் ஏற்றியதைக் கண்டுவிட்டு வந்தார்.

"இஞ்சை பார், உன்ரை பெர்மெஸ்ஸோ விசா புதுப்பிக்கக் குடுத்திருக்கிற நேரம். ஏதும் நடந்தா குவெஸ்தூராப் பொலிசிலை முதல் உன்னைத்தான் இருத்திவைச்சுக் கேப்பாங்கள். சிஞ்ஞோராட்டைச் சொல்லிப்போடு."

ஓம் என்றேன். ஆனால் சொன்னால் அவளுக்கு வேலையும் போகும், படுக்கிற இடமும் போகும். சொல்லாமல் விட்டு ஏதாவது நடந்தால் நான் இந்த நாட்டில் இருக்கவே முடியாது. முதலில் என் கண்ணால் பார்த்துவிடுவோம் என்று நினைத்தேன்.

அடுத்த நாள் அவள் மருந்துக்கடைக்குப் போன நேரம், கட்டிலுக்குக் கீழே இருந்த பையை இழுத்துத் திறந்தேன். பேணிகள்தான். ஒவ்வொன்றுக்குள்ளும் அட்டையைச் சுருட்டி இறுக்கி, மேலே மெழுகை உருக்கி ஊற்றியிருந்தாள். நடுவில் திரி மாதிரி ஏதோ நீட்டிக்கொண்டு நின்றது. ஒன்றை எடுத்து மணந்து பார்த்தேன். கோயிலில் கொளுத்தும் மெழுகுதிரி மணம்தான் வந்தது.

நிமிர்ந்தால் அவள் வாசலில் நிற்கிறாள். கத்துவாள் என்று நினைத்தேன். முகம் வெளிறிப்போய், சிஞ்ஞோராவிடம் சொல்லவேண்டாம் என்றுதான் கெஞ்சினாள். பிறகு தனக்குத் தெரிந்த இத்தாலியனில் விளங்கப்படுத்தினாள். அங்கே சண்டைமுனையில் பங்கர் குழிக்குள் பனி. விறகு எரித்தால் புகை காட்டிக்கொடுத்துவிடும். இதைக் கொளுத்தினால் கை சூடு காணலாம், தேத்தண்ணீர் வைக்கலாம்.

"என்ரை மகன் அங்கைதான் நிக்கிறான்" என்றாள்.

எனக்கு வவுனியா சோதனைச்சாவடி ஞாபகம் வந்தது. எங்கள் வன்னிப் பக்கத்துக்கு மெழுகுதிரி கொண்டுபோக ஆமி தடை போட்டிருந்த காலம். அம்மா சீலைக்குள் சுற்றி வைத்திருந்த மெழுகுதிரிகளை ஓர் ஆமிக்காரன் பைக்குள் கைவிட்டு எடுத்து, இப்படித்தான் மணந்து பார்த்தான். அம்மாவும் இவளைப் போலத்தான் வாய் காய்ந்து கெஞ்சிக்கொண்டு நின்றாள். வெட்கத்தில் எனக்கு உடம்பெல்லாம் கூசியது. பேணியை அவள் கையில் கொடுத்துவிட்டு அழுதுவிட்டேன்.

சிஞ்ஞோராவிடம் நான் ஒன்றும் சொல்லவில்லை. ஞாயிற்றுக்கிழமைகளில் மாதா கோயிலில் பூசை முடிந்ததும் எங்கள் ஆட்கள் கொளுத்திய மெழுகுதிரிக் கட்டைகளை, சுவாமியாரிடம் கேட்டுப் பொறுக்கி வருகிறேன். கணவர் முணுமுணுத்துக்கொண்டே பெட்டியை உக்ரேனுக்குப் போகும் அந்த வான் வண்டிக்குத் தூக்கிப்போகிறார். இன்றைக்கும் யாருடைய பையையாவது பார்த்து எனக்குச் சந்தேகம் கிளம்பினால், அந்தச் சாவடியில் நான் இப்போது எந்தப் பக்கம் நிற்கிறேன் என்று ஒருதரம் குனிந்து என் கால்களைப் பார்த்துக்கொள்கிறேன்.