யோயோவுக்கு நைனாவைத் தெரியாது

திருப்பதியில் ஞாயிறுதோறும் பூங்காவில் கூடி யோயோ பழகுகிறோம். சுழலும் யோயோ பக்கவாட்டில் எழும்பி, நூலின்மேல் வந்து உட்கார வேண்டும். எல்லோருக்கும் உட்கார்ந்தது. எனக்கு மட்டும் மாதக்கணக்கில் விரல் முட்டியில்தான் இடித்தது. விட்டுவிடலாம் என்றிருந்தேன்.

அன்று, புத்தூரிலிருந்து வரும் தோழி கவிதா எனக்கொரு கொய்யாவை வீசினாள். சட்டென்று இடது கையால் பிடித்தேன்.

"நீ பீச்சாங்கையா? அப்புறம் ஏன் ரைட்ல வீசிக்கினு இருக்கற?"

"சின்னதுலயே நைனா திட்டித் திட்டி மாத்திட்டாரு."

"யோயோவுக்கு உங்க நைனாவத் தெரியாது. மாத்தி மாட்டு."

நூலை இடது விரலில் மாட்டி வீசினேன். யோயோ எழும்பியது, நூலில் உட்கார்ந்தது, அங்கேயே சுழன்றது. கூட்டமே கத்தியது. என்னால் சிரிப்பை நிறுத்த முடியவில்லை.

சோறு இன்னும் வலது கையில்தான் சாப்பிடுகிறேன். யோயோவை மட்டும் இடது கையின் இஷ்டத்துக்கு விட்டுவிட்டேன்.