பாம்பு தீண்டாத நீலம்

ஆயிரத்துத் தொள்ளாயிரத்து முப்பதுகளின் தொடக்கத்தில், மாசி மாதக் கும்பப்பூ நெல்லறுவடை முடிந்து வைக்கோற்படப்புகள் எழும்பியிருந்த நாட்களில், ஒரு பிற்பகல் பள்ளியிலிருந்து திரும்பிய என்னை என் தமக்கை வாயிலிலேயே நிறுத்தினாள்.

"ஏலே, உள்ள போயி ஒம் பொண்டாட்டி உதட்டப் பாரு. நாவப்பழம் தின்ன மாதிரி இருக்கு. இந்த மாசத்துல நாவப்பழம் ஏது?"

பார்த்தேன். என் மனைவியின் உதடுகளும் விரல் நகங்களும் நீலம் பாரித்திருந்தன. முற்பகலில் அவள் மாட்டுக்காகப் படப்பிலிருந்து வைக்கோல் உருவியிருந்தாள். அஞ்சுகிராமத்துச் சுற்றுப்புறத்தில் இவ்விரு செய்திகளையும் சேர்த்துக் கேட்ட எவரும் பாம்பையன்றி வேறொன்றை நினையார். நானும் வேறொன்றை நினைக்கவில்லை. இலக்கணம் கற்பிப்பவனாகிய எனக்கு நஞ்சைப் பற்றித் தெரிந்தது, அது உடலின் நிறத்தை மாற்றும் என்பதொன்றே.

அவள் மட்டும் உடன்படவில்லை. "ஒண்ணும் கடிக்கல்ல. தலைதான் இடிக்கு. கூடி நின்னு கூப்பாடு போடாதீங்க."

அருமனைப் பக்கத்திலிருந்து வந்து எங்களூரில் தங்கியிருந்த விஷவைத்தியரை அழைத்து வந்தோம். அவர் மிளகைக் கொடுத்து மென்று தின்னச் சொன்னார். நஞ்சு ஏறியவர்களுக்கு மிளகு எரியாது என்பது அவர் கண்ட சோதனை.

"எரியுதா மக்கா?"

"மிளகு எரியாம இனிக்குமா?" என்றாள் அவள்.

காலிலும் கையிலும் பல் பட்ட தடமில்லை. அவர் அவள் விரல் நுனியில் ஊசியால் குத்தினார். வந்த துளி சிவப்பாக இல்லை; கருப்பட்டிப் பாகின் நிறத்தில் இருந்தது. அவர் நெடுநேரம் அதனையே பார்த்தார்.

"வெஷமில்லேன்னு நாக்கு சொல்லுது. உண்டுன்னு ரத்தம் சொல்லுது. ரெண்டுல ஒண்ணு பொய்யாக்கும். எதுன்னு எனக்குப் பிடிபடல்ல, கேட்டேளா."

அவர் பச்சிலை அரைத்துக்கொண்டிருந்தபோது, அவள் முந்தானை முடிச்சை அவிழ்த்து ஒரு தாள் பொட்டலத்தை எடுத்தாள். கடைகளில் விற்ற தலைவலிப் பொடி அது, காய்ச்சலுக்கும் அதுவே. அறுவடை நாட்களில் வந்த காய்ச்சலுக்குக் குடிக்கத் தொடங்கியவள், காய்ச்சல் தணிந்தும் விடவில்லை. என் தமக்கை தண்ணீர்ச் செம்பை நீட்டினாள். அவள் குடித்து முடிக்கட்டும் என்று வைத்தியர் பச்சிலைச் சாற்றுடன் காத்திருந்தார். எல்லாரும் பார்த்துக்கொண்டுதான் இருந்தோம்.

மறுநாளும் நீலம் இருந்தது. முடிச்சிலிருந்த பொடி தீர்ந்தபின் சில நாட்களில் அது வடிந்தது. பச்சிலையின் ஆற்றல் என்று ஊர் புகழ்ந்தது. வைத்தியர் மட்டும் தலையசைக்கவில்லை. என் மனைவிக்குத் தலைவலி நின்றபாடில்லை. சந்தைக்குப் புறப்பட்ட என்னிடம், "பொடி தீந்துபோச்சு, கூடுதலாவே வாங்கிட்டு வாங்க" என்றாள். வாங்கி வந்தேன். இரண்டு பொட்டலங்களின் பொடியை ஒருசேர வாயிலிட்டாள்.

அந்தி சாய்வதற்குள் உதடுகள் மீண்டும் நீலமாயின.

"படப்புப் பக்கமே போகல்ல, எங் கண்ணு முன்னாலதான் இருந்தா" என்றாள் தமக்கை. சோறும் நீரும் எங்கள் எல்லாருக்கும் பொது. என் மனைவி மட்டும் உட்கொண்டது எது என்று எண்ணியபோது, என் எண்ணம் எனக்கே நகைப்பைத் தந்தது. ஆயினும் கேட்டேன்: "அந்தப் பொடியாக இருக்குமோ?"

அவள் சிரித்தாள். "அதக் குடிச்ச பொறவுதான் வலியே போச்சு. நோவத் தீக்குற மருந்தா நெறத்தக் கெடுக்கும்? பள்ளிக்கூடத்துல இப்படித்தான் பாடம் சொல்லுதேளா?"

விளக்கை அவள் முகத்தருகே பிடித்தேன். வலி நீங்கியது உண்மை. முகம் தெளிந்திருந்தது, அதிலிருந்த உதடுகளோ பிணத்தினுடையவை போல இருந்தன. எதனை நம்புவது?

எஞ்சிய பொட்டலங்களுடன் மிஷன் மருத்துவமனைக்குச் சென்றேன். மருத்துவர் பொடியை ஆராய்ந்து, இது குருதியின் நிறத்தைத் திரிப்பதுண்டு என்றும், மிகுந்தால் மூச்சும் நெஞ்சும் ஓயக்கூடும் என்றும், உடனே நிறுத்த வேண்டும் என்றும் கூறினார். மேலும், இதனாலேயே தலைவலியும் வரும் என்றார். வலியைப் போக்குவதும் அதுவே, வலியைத் தருவதும் அதுவே என்றால், இத்தனை நாள் அவள் எதற்கு எதனைக் குடித்தாள்? வழியெல்லாம் எண்ணியும் தெளியவில்லை.

"பொடி எங்க?" என்றாள், நான் வீட்டுக்குள் நுழைந்ததும்.

"மருத்துவர் வாங்கிக்கொண்டார்."

அவள் சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டாள். ஈரத்துணியைத் தலையில் இறுகக் கட்டியபடி அவள் முனகிய ஒவ்வொரு முறையும், நான் செய்தது காப்பதா வதைப்பதா என்று மயங்கினேன். அவள் உறங்கும்போது நகங்களைப் பார்ப்பேன். நீலம் வெளிறியது போலத் தோன்றும். வெளிச்சத்தின் குறையோ என்றும் தோன்றும்.

தலைவலி எப்போது நின்றது என்று அவள் சொல்லவே இல்லை. ஒருநாள் காலையில் வெற்றிலை மென்றுகொண்டு என்னெதிரே வந்து நின்றாள். உதடுகள் செக்கச்செவேலென்றிருந்தன. அச்சிவப்பு எதனுடையது என்று எனக்குத் தெரிந்தாக வேண்டும். வாயைக் கொப்பளித்து வரச் சொன்னேன்.

"ஒங்களுக்குத்தான் இனி வைத்தியரக் கூப்பிடணும்" என்றாள். ஆயினும் செம்பை எடுத்துக்கொண்டு முற்றத்திற்குப் போனாள்.