நொத்தாரிசு யாருடைய ஆள்?

ஒரு பழைய ஐஸ்கிறீம் பெட்டி நிறையப் பயத்தம் பணியாரம். டுசல்டோர்ஃபில் வீட்டுப் பத்திரம் முடிக்கும் ஒரு நொத்தாரிசு அலுவலகத்தின் மினுங்கும் மேசையில் அது இருந்த இருப்பை நினைத்தால் இப்போதும் எனக்குச் சிரிப்பு வருகிறது. சிரித்து முடிய அலுப்பும் வருகிறது. கொண்டுவந்தவரை நான் அண்ணை என்று கூப்பிடுவேன். உறவில்லை. ஆஸ்பத்திரிச் சமையலறையில் வேலை செய்தவர், எங்கள் தமிழ்ச் சங்கத்துப் பொங்கல் விழாக்களில் அடுப்படிக்குப் பொறுப்பு. அன்று அவரும், நான் அக்கா என்று கூப்பிடும் அவர் மனைவியும் வீடு வாங்க வந்திருந்தார்கள். நான் மொழிபெயர்க்க வந்திருந்தேன். அண்ணை பெட்டியை இரண்டு கையாலும் நொத்தாரிசு அம்மாவிடம் நீட்டினார். அந்த ஜெர்மன்காரி சிரித்து, நன்றி சொல்லி, மூடியைத் திறந்து, வாங்குபவருக்கும் விற்பவருக்கும் சரி நடுவில் வைத்துவிட்டார். எல்லாரும் எடுங்கள் என்றார். அண்ணையின் முகம் விழுந்துபோயிற்று. “என்ன பிள்ளை, எங்கட நொத்தாரிசுக்குக் குடுத்ததை அந்தப் பக்கத்துக்கும் குடுக்கிறா?” என்று என் காதுக்குள் கேட்டார்.

இந்தக் கேள்விக்குப் பதில் சொல்லிச் சொல்லியே என் தொண்டை தேய்ந்துவிட்டது. நீதிமன்றத்தில் சத்தியம் செய்து பதிந்த மொழிபெயர்ப்பாளர் என்று ஒரு முத்திரை என்னிடம் இருக்கிறது. அதனால் வீடு வாங்க நினைக்கும் தமிழர் எல்லாருக்கும் என் தொலைபேசி எண் தெரியும். நொத்தாரிசை ஆர் பிடிக்கிறது? வாங்குபவர்தான் பெரும்பாலும். செலவு ஆருக்கு? அதுவும் வாங்குபவருக்கே. அப்ப அவர் எங்கட ஆள்தானே? இல்லை. காசு கொடுப்பது நீங்கள், ஆனால் அவர் இரண்டு பக்கத்துக்கும் பொது. ஒப்பந்தத்தை முதல் எழுத்திலிருந்து கடைசி எழுத்துவரை வாய்விட்டு வாசிப்பார். உங்களுக்கு விளங்கியதா என்று பார்ப்பார். வீட்டை இன்னொருவருக்கு விற்காதபடி காணிப் பதிவேட்டில் உங்கள் பெயரைக் குறிக்கச் செய்வார். வீடு நல்லதா, விலை நியாயமா என்று பார்ப்பது அவர் வேலை இல்லை. அதற்கு உங்களுக்கென்று ஒரு வழக்கறிஞர் வேண்டும், வீட்டைப் பார்க்க ஒரு நிபுணர் வேண்டும். இவ்வளவும் அண்ணைக்கும் சொன்னேன். “ஓம் ஓம்” என்றார். அவருடைய ஓம் இரண்டுதரம் வந்தால் ஒன்றும் உள்ளே போகவில்லை என்று அர்த்தம்.

அவரைக் குறை சொல்லவும் ஏலாது. யாழ்ப்பாணத்தில் நொத்தாரிசு என்றால் குடும்பத்து ஆள் மாதிரி. வாங்குகிறவர் தனக்கு நம்பிக்கையானவரைப் பிடிப்பார். அவர் காணிக் கந்தோரில் காணி யாருடையது என்று பழைய தோம்புப் பதிவைத் தேடுவார், எல்லை வேலியில் வழக்குக் கிடக்கிறதா என்று ஊருக்குள் விசாரிப்பார், பிழை இருந்தால் “இதை விடும்” என்று முகத்துக்கு நேரே சொல்லுவார். உறுதிப் பத்திரம் முடிக்கிற நாளில் அவருக்குச் சாப்பாடும் உண்டு. அண்ணை அந்த நொத்தாரிசைத்தான் மனதில் வைத்துக்கொண்டு பணியாரத்தோடு வந்திருந்தார். வழக்கறிஞருக்கும் நிபுணருக்கும் கொடுப்பதை வீண் செலவு என்று விட்டிருந்தார்.

அவசரமும் இருந்தது. இருந்த வீட்டின் சொந்தக்காரர் தன் மகனுக்கு அது வேண்டும் என்று கடிதம் போட்டுவிட்டார். வேறு வாடகை வீடு தேடித் தேடி அக்கா களைத்துப்போயிருந்தார். தொலைபேசியில் வெளிநாட்டுக் குரலைக் கேட்டதுமே வீடு போய்விட்டது என்பார்கள். கடைசியில் நகருக்கு வெளியே ஒரு பழைய வீடு கிடைத்தது. இரண்டு பேரின் உழைப்பு முழுவதும், வங்கிக் கடனும் சேர்த்து, அந்த வீட்டுக்குள் போகப்போகிறது. அது பிழையாய்ப் போனால் திரும்ப எழும்புகிற வயசில்லை. விற்க வந்தவர் மனைவியை இழந்த ஒரு கிழவர். கோட்டுப் போட்டு, கையைக் கட்டி, யாரையும் பாராமல் இருந்தார்.

நொத்தாரிசு அம்மா வாசிக்கத் தொடங்கினார். வாசிப்பு தொடங்கினால் எனக்கு ஒரு விதி: மேசையில் யார் எதைப் பேசினாலும் மறுபக்கத்துக்கு அதை அப்படியே சொல்லவேண்டும். பந்தி பந்தியாகத் தமிழாக்கினேன். வீடு உள்ளது உள்ளபடி விற்கப்படுகிறது, குறைகளுக்கு விற்பவர் பொறுப்பில்லை என்ற இடம் வந்தது. எல்லா ஒப்பந்தத்திலும் வருகிற வசனம்தான். அண்ணை கையைத் தூக்கினார்.

“அம்மா வீட்டைப் போய்ப் பாத்தவவோ?”

இல்லை, நான் அந்த வீட்டைப் பார்த்ததே இல்லை, பார்ப்பது என் வேலையும் இல்லை என்று நொத்தாரிசு அம்மா பொறுமையாகச் சொன்னார். நான் சொல்லி முடிக்க, அண்ணையின் கழுத்து வேர்த்துவிட்டது. ஐயோ, அந்த முகம்! அவர் என் பக்கம் திரும்பி, குரலைத் தாழ்த்திக் கேட்டார்:

“பிள்ளை, நீ எங்கட பிள்ளை. சொல்லு. கையெழுத்து வைக்கலாமோ?”

நான் சத்தியம் செய்தவள். அதை ஜெர்மனில் சொன்னேன். கையெழுத்து வைக்கலாமா என்று என்னிடம் கேட்கிறார் என்றேன். மொழிபெயர்ப்பாளர் அதற்குப் பதில் சொல்லக்கூடாது, நானும் சொல்ல முடியாது என்றார் நொத்தாரிசு அம்மா. அண்ணை தலையைக் குனிந்துகொண்டார்.

கிழவர்தான் கதைத்தார். பெருமழை பெய்தால் நிலவறைக்குள் தண்ணீர் வரும் என்றார். தரகர் அதைப் பேசவேண்டாம் என்றாராம். தன் மனைவி உயிரோடு இருந்திருந்தால் இதைச் சொல்லாமல் விற்க விட்டிருக்கமாட்டாள் என்று மேசையைப் பார்த்தபடியே சொன்னார்.

வாசிப்பு நின்றது. அண்ணை எழும்பி அறைக்கு வெளியே நடைக்குப் போனார், அக்காவும் நானும் பின்னால் போனோம். தண்ணீரைப் பற்றி அவர் ஒரு வார்த்தை பேசவில்லை. “உன்னை நம்பி மெல்லமாக் கேட்டனான். அவ்வளவு பேருக்கும் முன்னால என்னைப் பிச்சைக்காரனாக்கிப் போட்டாய்” என்றார். அக்காதான், “அந்த மனிசன் வாயால சொல்லிப்போட்டுது. சொன்ன ஆளிட்ட வாங்கலாம், வாங்கோ” என்று கையைப் பிடித்து உள்ளே கூட்டிப்போனார். விலை குறைந்தது, தண்ணீர் விஷயம் ஒப்பந்தத்தில் ஏறியது, கையெழுத்தும் விழுந்தது.

அதன்பிறகு பொங்கல் விழாக்களில் அண்ணை என் சாப்பாட்டுக் கோப்பையில் சோறு போடுவார். முகம் பார்க்கமாட்டார். போன மாரியில் அவர் இறந்துபோனார். செத்த வீட்டுக்குப் பிறகு ஒருநாள் அக்காவைப் பார்க்கப் போனேன். நிலவறை காய்ந்து சுத்தமாக இருந்தது. தேத்தண்ணி தந்துவிட்டு அக்கா, கோபமில்லாமல், கதையோடு கதையாகச் சொன்னார்: “அவர் கடைசிவரைக்கும் சொல்லுறவர், பிள்ளை. அண்டைக்கு அந்த மேசையில எங்களுக்காக வாய் திறந்தது வித்த மனிசன் மட்டும்தானாம்.”

அந்த மனிதரைப் பேச வைத்ததே நான் மொழிபெயர்த்ததுதான் என்று சொல்ல வாய்வரை வந்தது. தேத்தண்ணியைக் குடித்து முடித்தேன். அண்ணை கேட்டது மொழிபெயர்ப்பை அல்ல. கையெழுத்தை வை, அல்லது வைக்காதே, இரண்டில் ஒன்றைத்தான் தன் பிள்ளையிடம் கேட்பதுபோலக் கேட்டார். எவ்வளவோ பேர் அந்த மேசையில் என் பக்கம் திரும்பி அதையே கேட்டிருக்கிறார்கள். நான் இன்னும் ஒருவருக்கும் சொன்னதில்லை.