சனிக்கிழமை மூன்று மணியின் ஆறு ரசிகர்கள்

வானொலிக்குப் போன் போட்டுப் பாட்டுக் கேட்கிறவர்களைப் பற்றி எனக்கு உயர்ந்த அபிப்பிராயம் கிடையாது. பத்தொன்பது வருஷமாக நேயர் விருப்பப் போனை எடுப்பவள் நான். ஒருத்தரும் பாட்டுக்காகக் கூப்பிடுவதில்லை. தன் பெயர் காற்றில் வர வேண்டும், மச்சினன் பெயர் வர வேண்டும். மச்சினனோடு சண்டை என்றால் அவன் பெயரை மட்டும் விட்டுவிட்டு மற்ற எல்லார் பெயரும் வர வேண்டும். பாட்டின் பெயரைக் கேட்டால், "அதாங்க, மழையில ஓடுவாங்களே, அது" என்பார்கள். மண்டையை உடைத்துக்கொள்ள வேண்டியது நான்.

ஃபிரிட்ஜ்காரர் எங்கள் நிலையத்துக்கு வந்தது ஏசி பழுதுபார்க்க. குளிர்சாதனக் கம்பெனி ஒன்றில் சர்வீஸ் மெக்கானிக். நாற்பதைத் தாண்டியவர், இரண்டு பிள்ளைகளுக்குத் தகப்பன். ஏணியில் நின்று திருகாணியைப் பல்லில் கடித்தபடி ஏதோ முனகிக்கொண்டே இருந்தார். "என்ன தம்பி, கேட்காத பாட்டா இருக்கு?" என்று நான் கேட்டேன். சும்மா கிடந்த சங்கை ஊதிக் கெடுத்தது நான்தான். மறுநாள் அவர் பென் டிரைவோடு வந்து நின்றார்.

பாட்டு மோசமாக இருந்திருந்தால் அன்றைக்கே கும்பிடு போட்டு அனுப்பியிருப்பேன். மோசமாக இல்லை, அதுதான் வில்லங்கம். 'காயாத சட்டை' என்று பெயர். மழைக்காலம், கொடியில் ஒரே சட்டை, விடிந்தால் வேலைக்குப் போக வேண்டும், அது காயவில்லை. அவ்வளவுதான் விஷயம். நடுவில் ஓரிடத்தில் குரல் லேசாக உடையும். அந்த இடத்தை மட்டும் மூன்று தடவை திருப்பிப் போட்டுக் கேட்டேன்.

எங்கள் வட்டாரத்துப் புதுப் பாடகர்களுக்கென்று சனிக்கிழமை மூன்று மணிக்கு அரை மணி நேரம் உண்டு. அதன் பொறுப்பாளருக்கு நாங்கள் வைத்த பெயர் ஸ்டாப்வாட்ச். மனைவி தும்மினால்கூட எத்தனை வினாடி என்று பார்ப்பார் என்று சொல்லிச் சிரிப்போம். அவர் போட்ட விதி இது: ஒரு புதுப் பாட்டைச் சனிக்கிழமையன்று குறைந்தது ஐந்து பேராவது போனில் கேட்க வேண்டும். கேட்டால் அடுத்த வாரமும் ஒலிக்கும், இல்லையென்றால் அதோடு சரி. பன்னிரண்டு வாரம் தாக்குப்பிடித்தால் பாட்டு தலைமை நிலையத்துக்குப் போகும். அங்கே ஒரு குழு கேட்டுத் தலையாட்டினால் எல்லா நிலையங்களிலும் ஒலிக்கும், பாடுகிறவன் வாழ்க்கை மாறும். ஒன்பது வருஷத்தில் எங்களிடமிருந்து போன பாட்டு இரண்டு. இரண்டும் போன இடம் தெரியவில்லை.

'காயாத சட்டை'க்கு முதல் சனிக்கிழமை ஆறு போன் வந்தது. ஒரு பெரியவர், ஒரு காலேஜ் பெண், திக்கிப் பேசும் ஒருவர், தொண்டை கட்டிய ஒரு அம்மா, அவசரக்காரர் ஒருவர், கொஞ்சிப் பேசும் சின்னப் பெண் ஒருத்தி. எனக்கே பெருமையாக இருந்தது. இரண்டாவது வாரமும் அதே ஆறு பேர். அப்போதுதான் உறைத்தது. ஆறு பேரும் பாட்டின் பெயரைச் சரியாகச் சொன்னார்கள். பாடியவரின் முழுப் பெயரையும் சொன்னார்கள். ஒருவர்கூட மச்சினனுக்கு வாழ்த்துச் சொல்லவில்லை. மூன்றாவது வாரம் பெரியவர் இருமிக்கொண்டே போனை வைத்தார், அடுத்த நிமிஷம் அதே இருமலோடு காலேஜ் பெண் வந்தாள்.

யார் என்று தேட வேண்டியிருக்கவில்லை. ஃபிரிட்ஜ்காரரே முன்பு ஒருநாள் சொல்லியிருந்தார்: மனைவி பஸ் நிலையத்தில் டிக்கெட் கொடுப்பவள், நாள் முழுக்கக் கேட்ட குரல்களை எல்லாம் வீட்டில் செய்து காட்டிப் பிள்ளைகளைச் சிரிக்கவைப்பாள் என்று. எங்களுடையது பழைய போன், கூப்பிடுகிறவர் எண் தெரியாது. ஆறு பேர் என்று பதிவேட்டில் எழுதினேன்.

ஏன் எழுதினாய் என்றால், மாதத்துக்கு நான்கு பாடகர்கள் அந்த விதியில் செத்துக்கொண்டிருந்தார்கள், ஒருத்தர் பிழைத்துப் போகட்டுமே என்றுதான். அதோடு நிறுத்தியிருக்கலாம். மாலையில் ஃபிரிட்ஜ்காரர் போன் செய்து, "அந்தப் பெரியவர் இந்த வாரமும் கூப்பிட்டாராக்கா? என்ன சொன்னாரு?" என்று கேட்பார். "உங்க பாட்டக் கேட்டதும் அவரு வேலைக்குப் போன காலம் ஞாபகம் வந்துச்சாம்" என்று நானும் என் பங்குக்கு அளந்துவிட்டேன். இல்லாத மனுஷனுக்குக் காதும் மூக்கும் வைத்தது நான்.

ஒன்பதாவது வாரம் கையில் இனிப்பு டப்பாவோடு வந்தார். வேலையை விட்டுவிட்டாராம். சனிக்கிழமை லீவு தரமாட்டேன் என்கிறார்களாம், தலைமை நிலையம் கூப்பிடும்போது கையில் இன்னும் நாலு பாட்டாவது இருக்க வேண்டாமா என்றார். "ஆறு பேர் வாரம் தவறாம கேக்குறாங்கன்னா, போன் பண்ணாத ஆளு எத்தனை பேர் இருப்பாங்க? யோசிச்சுப் பாருங்கக்கா." நான் இனிப்பை வாயில் போட்டுக்கொண்டேன்.

அந்தச் சனிக்கிழமை பெரியவர் கூப்பிட்டதும் என்னால் பொறுக்க முடியவில்லை. "அவரு வேலைய விட்டுட்டாரே, தெரியுமா?" என்றேன். பெரியவரின் இருமல் பாதியில் நின்றது. பிறகு ஒரு பெண்ணின் சொந்தக் குரல் கேட்டது.

"தெரியும்க்கா."

"தடுத்திருக்கக் கூடாதாம்மா?"

"என்னன்னு சொல்லித் தடுக்கறது? உங்களுக்கு யாருமே போன் பண்ணலைன்னா? பதினஞ்சு வருஷத்துல அவரு காலைல சிரிச்சுக்கிட்டே எந்திரிச்சு இப்பதான் பாக்கறேன்."

நான் போனை வைத்தேன். சற்று நேரத்தில் திக்கிப் பேசுகிறவர் கூப்பிட்டார். எழுதிக்கொண்டேன்.

பதினோராவது வாரம் இரண்டரை மணிக்கு ஃபிரிட்ஜ்காரர் என் அறை வாசலில் நின்றார், துவைத்துத் தேய்த்த சட்டையோடு. ரசிகர்கள் பேசுவதை ஒரே ஒரு தடவை தன் காதால் கேட்க வேண்டுமாம். வீட்டில் ஒலிப்பதிவுக் கூடம் பார்க்கப் போகிறேன் என்று சொல்லிவிட்டு வந்திருந்தார். இடமில்லை, விதியில்லை, ஸ்டாப்வாட்ச் திட்டுவார் என்று என்னென்னவோ சொல்லிப் பார்த்தேன். "ஒரு ஓரமா உக்காந்துக்கறேன்க்கா" என்றார். ரகசியமாக வெளியே போய் அவளுக்குச் சொல்லலாம் என்றால் அவள் எண் என்னிடம் இல்லை. ஆறு குரலில் என்னோடு பேசியவளின் எண் ஒன்றுகூட இல்லை.

மூன்று ஐந்துக்குப் போன் அடித்தது. நான் கையை நீட்டுவதற்குள் அவர் எடுத்துவிட்டார்.

"வணக்கம், நேயர் விருப்பம்" என்றார், நான் இழுத்துச் சொல்வது போலவே.

மறுமுனையில் பெரியவர் பேசுவது எனக்கே கேட்டது. ஃபிரிட்ஜ்காரர் முகத்தில் சிரிப்பு அப்படியே இருந்தது, கண் மட்டும் மாறிப்போனது. பதினைந்து வருஷம் கூடக் குடித்தனம் நடத்தியவனுக்கு எந்தக் குரல் போட்டால் என்ன? அவர் போனை வைக்கவில்லை. குரலைத் தடிப்பாக மாற்றிக்கொண்டார்.

"எழுதிக்கிட்டேன் ஐயா. பாடகர்கிட்ட கண்டிப்பா சொல்றோம். ரொம்ப நன்றிங்க."

பதிவேட்டை என் பக்கமிருந்து இழுத்து அவரே எழுதினார். அடுத்து காலேஜ் பெண், அடுத்து அவசரக்காரர். சின்னப் பெண் வந்தபோது, "நல்லா படிம்மா" என்றார். ஆறு பேரையும் எழுதி முடித்துப் பேனாவை மூடினார். அதற்குப் பிறகு நாலு மணி வரை போன் நாலைந்து தடவை அடித்தது. எல்லாம் சினிமாப் பாட்டு.

"எல்லா வாரமும் இதே ஆறுதானாக்கா?"

"ஆமா தம்பி."

அவர் பதிவேட்டைப் பின்னால் புரட்டி முதல் வாரம் வரை பார்த்தார். "எங்க வீட்டுல குரல்வளம் அவளுக்குத்தான் போல" என்றார். எனக்கு அழுகை வந்துவிட்டது. அவர் எனக்குத் தண்ணீர் எடுத்துக்கொடுத்தார்.

திங்கட்கிழமை பழைய கம்பெனிக்குப் போய்க் கேட்டிருக்கிறார். அவர் இடத்தில் ஆள் வந்துவிட்டதாம். வீட்டில் எதையும் காட்டிக்கொள்ளவில்லை. பன்னிரண்டாவது வாரம் மூன்று மணிக்கு ஏதோ சாக்குச் சொல்லி வெளியே கிளம்பி, அவள் தாராளமாகப் பேசி முடிக்கட்டும் என்று தெருமுனையில் ஒரு மணி நேரம் நின்றிருக்கிறார்.

பாட்டு தலைமை நிலையத்துக்குப் போனது. இந்தத் தடவை பதில் வந்தது. தேர்வாகவில்லை, காரணம் எதுவும் எழுதியிருக்கவில்லை. விதிப்படி எங்கள் நிலையத்துப் பட்டியலிலிருந்தும் எடுத்துவிட்டார்கள். ஸ்டாப்வாட்ச் அதை அழிக்க நாலு வினாடிகூட ஆகவில்லை. ஃபிரிட்ஜ்காரருக்கு நான் போன் செய்து சொன்னேன். எதிர்பார்த்தவர் போலத்தான் கேட்டுக்கொண்டார்.

"அவகிட்ட மட்டும் சொல்லிடாதீங்கக்கா. நானே பக்குவமாச் சொல்லிக்கறேன். மூணு மாசமா தொண்டையத் தேச்சிருக்கா."

அவர் சொல்லவில்லை போலிருக்கிறது. அந்தச் சனிக்கிழமை 'காயாத சட்டை' ஒலிக்கவில்லை. ஆள் போதவில்லை என்று அவள் நினைத்திருக்க வேண்டும். அன்று அந்தப் பாட்டைக் கேட்டு ஒன்பது பேர் கூப்பிட்டார்கள். மூன்று குரல் எனக்குப் புதிது.