ஜெயவேல் கண்ட அசைவு

எண்ணூர்க் கழிமுகத்தில் நண்டு பிடித்துக் கல்லூரி ஆய்வுக்கூடத்துக்குக் கொண்டுபோய்க் கொடுப்பது ஜெயவேலின் வேலை. 1934இல், அந்த நண்டுகளின் செவுளில் கொத்துக் கொத்தாக ஒட்டியிருந்த, கண்ணுக்குத் தெரியாத மணி வடிவ உயிரை எந்தப் பேரினத்தில் சேர்ப்பது என்று பேராசிரியர் திணறினார். அவர் பார்த்ததெல்லாம் ஃபார்மலினில் செத்துச் சுருங்கியவை. ஜெயவேலோ ஆளில்லாத நேரத்தில், உயிருள்ள செவுளைக் கழிமுகத் தண்ணீரிலேயே வைத்து நுண்ணோக்கியில் பார்த்திருந்தான்.

“ஒண்ணு சுருங்குனா கொத்தே சேந்து சுருங்குது, சார்.”

“உன்னை யார் இதில் கண் வைக்கச் சொன்னது?”

“கண்ணு கீதே, சார்.”

பேராசிரியரும் பார்த்தார். கொத்து முழுவதிலும் சுருங்கும் இழை அறுபடாமல் ஓடியது. அந்த ஒரு குணத்தாலேயே பேரினம் முடிவாயிற்று, இனமும் புதிது. ஆனால் பேராசிரியர் எழுதிய கட்டுரையில் ஜெயவேல் வெறும் “ஒரு மீனவன்” என்று கல்லூரிக் குமாஸ்தா படித்துச் சொன்னார். நுண்ணோக்கி செய்த கம்பெனிக்கு அதில் பெயர் உண்டு, கண்டவனுக்குக் கிடையாது. படித்தவர்களின் நியாயம் அப்படி.

அச்சுக்குப் போகுமுன் சரிபார்க்க இன்னும் உயிர் நண்டு வேண்டியிருந்தது. ஜெயவேல் வெறுங்கையோடு வந்து நின்றான்.

“நண்டு எங்கே?”

“தண்ணில கீது. மொதல்ல எம்பேரு காகிதத்துல ஏறட்டும், சார்.”

பேராசிரியர் முறைத்தார். வேறு யாரும் நண்டை உயிரோடு கொண்டுவந்து சேர்த்ததில்லை. பேனாவைத் திறந்து, “ஒரு மீனவன்” என்பதை அடித்துவிட்டு, தகப்பன் பெயரையும் கேட்டு எழுதினார்.