என் டம்ளரில் ஊற்றுங்கள்

நான் வேலை பார்க்கும் முதியோர் இல்லத்துக்கு எதிரே ஒரு பேக்கரி இருக்கிறது. காலை ஷிஃப்ட் முடிந்ததும் அங்கே போய், பையிலிருந்து என் எவர்சில்வர் டம்ளரை எடுத்து நீட்டி டீ கேட்பேன். கவுன்டரில் நிற்கும் சபீனே அதை வாங்கி எனக்குப் பின்னால் வரிசையில் நிற்பவர்களுக்கெல்லாம் தூக்கிக் காட்டுவாள். "ஸூப்பர்! உம்வெல்ட்!" என்பாள். உம்வெல்ட் என்றால் சுற்றுச்சூழல். சொந்தக் குவளை கொண்டுவருகிறவர்களுக்கென்று ஓர் அட்டை கொடுத்திருக்கிறார்கள். ஒவ்வொரு டீக்கும் அதில் ஒரு பச்சை இலை முத்திரை விழும். அட்டை நிறைந்தால் கேக் இலவசம். ஊரில் இருப்பவர்களே, என்னைப்போல் வெளிநாட்டில் வந்து கிடப்பவர்களே, கேட்டுக்கொள்ளுங்கள். சொந்த டம்ளரில் டீ குடித்ததற்காக எனக்கு ஜெர்மனியில் கேக் தருகிறார்கள். என் அம்மா கேட்டால் விழுந்து விழுந்து சிரிப்பாள்.

பூமியைக் காப்பாற்றும் எண்ணமெல்லாம் எனக்கு இல்லை. இருந்தால் விமானம் ஏறி இம்புட்டு தூரம் நர்ஸ் வேலைக்கு வந்திருப்பேனா? கெட்டியான சாமான் ஒன்றை வாங்கி ஆயுசுக்கும் புழங்குவது எங்கள் வீட்டுப் பழக்கம், அவ்வளவுதான். முதல் தடவை வந்தபோது பெட்டியில் பாதி இடத்தை இரும்பு தோசைக்கல்லும் தூக்குவாளியும் பிடித்துக்கொண்டன. கம்பளிச் சட்டையைக் கூட வெளியே எடுத்து வைத்துவிட்டேன். உடன் தங்கியிருக்கும் பெண் தன்னுடைய ஒட்டாத சட்டியை எனக்குக் காட்டி, இதில் இரும்புக் கரண்டி படக்கூடாது, சூடு அதிகம் வைக்கக்கூடாது, நார் போட்டுத் தேய்க்கக்கூடாது என்று பாடம் எடுத்தாள். சட்டியா அது, சீமந்தம் முடிந்த பொண்ணா? என் தோசைக்கல்லில் தோசையும் சுடலாம், கருவாடும் வறுக்கலாம், கடுகும் தாளிக்கலாம். வேலை முடிந்ததும் துணியால் துடைத்து, பாதி வெங்காயத்தை எண்ணெயில் தொட்டு ஒரு தேய். எனக்குப் பின்னாலும் அது இருக்கும். மீந்த சோற்றில் மோர் ஊற்றிப் பிசைந்து தூக்குவாளியில் வேலைக்குக் கொண்டுபோவேன். அதைப் பார்த்து "டயட்டா?" என்று கேட்டவர்கள் உண்டு. ஆமாம் என்று சொல்லிவிட்டேன். எம்புட்டுதான் விளக்குவது?

ஆனால் டம்ளர் கதை வேறு. அது சிக்கனத்தில் சேராது.

பேரையூருக்குத் தெற்கே, கரிசல் காட்டுக்குள் இருக்கிறது எங்கள் கிராமம். பேரை இங்கே எழுதப்போவதில்லை. அங்கே அப்போது இருந்தது ஒரே டீக்கடை. எங்கள் தெருச் சனத்துக்கு அங்கே தனி கிளாஸ். கூரைக் கீற்றில் செருகி வைத்திருப்பார்கள். நாமே எடுத்து, நாமே கழுவி, டீயை வாங்கி, தள்ளி நின்று குடித்து, மறுபடி கழுவிச் செருகிவிட்டுப் போக வேண்டும். காரணம் சாதி. வேறென்ன? மற்றவர்கள் குடித்த கிளாஸைக் கடைக்காரரே கழுவுவார்.

என் அம்மா பேச்சியம்மாள் பருத்தி எடுக்கப் போகிறவள். ஒரு சித்திரைத் திருவிழாவுக்கு மதுரைக்குப் போனவள், விளக்குத்தூண் பக்கம் ஒரு பாத்திரக்கடையில் நல்ல கனமான எவர்சில்வர் டம்ளராகப் பார்த்து வாங்கினாள். நம் பக்கத்தில் பாத்திரம் வாங்கினால் பேர் வெட்டாமல் வீட்டுக்குக் கொண்டுவருவோமா? பேர் வெட்டுகிறவர், வீட்டுக்காரர் பேரா என்று கேட்டிருக்கிறார். "டீ குடிக்கப் போறது நானு. எம் பேரப் போடுங்க" என்றிருக்கிறாள். பேரும், அதற்குக் கீழே ஊரும்.

மறுநாள் காலை காட்டுக்குப் போகிற வழியில் அந்த டம்ளரை டீக்கடைப் பலகையில் வைத்தாள். பள்ளிக்கூடம் லீவு என்பதால் நானும் கூட இருந்தேன்.

"என்னா பேச்சி, ஒனக்குத்தான் அங்குன கிளாஸ் இருக்குல்ல?" என்றார் கடைக்காரர்.

"அதையும் நாந்தானண்ணே கழுவுறேன். கழுவுறதுதான் கழுவுறேன், என் சொந்த டம்ளரக் கழுவிக்கிறேனே."

அய்யா என்று கூப்பிட வேண்டிய ஆளை அண்ணே என்றதிலேயே பாதிச் சண்டை முடிந்துவிட்டது. கடைக்காரர் முகத்தைச் சுளித்துக்கொண்டு, டம்ளரில் கை பட்டுவிடாமல் ஒரு முழம் உயரத்திலிருந்து டீயை ஊற்றினார்.

"நல்லா ஒசரத் தூக்கி ஊத்துங்கண்ணே. அப்பத்தான் நுரை வரும்" என்றாள் அம்மா. எங்கள் தெருப் பெண்கள் சேலை முந்தியை வாயில் வைத்துக்கொண்டு சிரித்தார்கள். அடுத்த சம்பளத்தில் ஆளுக்கொரு டம்ளர் வந்தது. கூரையில் செருகிய கிளாஸ்களில் குளவி கூடு கட்டியது. பிறகு ஒருநாள் கடைக்காரரே அவற்றை எடுத்துத் தூரப் போட்டார். அதற்கப்புறமும் அம்மா அங்கே மட்டுமில்லை, எங்கே போனாலும் தன் டம்ளரில்தான் குடித்தாள். ஆஸ்பத்திரிக்கும் கல்யாணத்துக்கும் அது இடுப்புச் சுருக்குப்பை மாதிரி கூடவே போனது.

போன லீவில் ஊருக்குப் போயிருந்தபோது என் அண்ணன் மதுரை ஒத்தக்கடையில் புது வீட்டுக்குப் பால் காய்ச்சினான். அம்மா இனிமேல் அவனோடுதான் இருக்கப் போகிறாள். காலையில் அம்மா டம்ளரைத் தேடுகிறாள், காணோம். சமையற்கட்டு, பை, பெட்டி எல்லாம் துழாவியாகிவிட்டது. கடைசியில் மாடிப்படிக்கு அடியில் இருந்த ஒரு சாக்கில் அதை நான்தான் கண்டுபிடித்தேன். எடைக்குப் போடக் கட்டி வைத்திருந்த பழைய பாத்திரங்களோடு கிடந்தது. எனக்கு வந்ததே கோபம்.

"என்னண்ணே பண்ணி வச்சிருக்க?"

"மெதுவாப் பேசு செல்வி. பக்கத்து வீட்டு ஆளுக வந்திருக்காய்ங்க" என்றான். "அதுல பேரும் ஊரும் வெட்டிருக்கு. ஊரச் சொன்னா எந்தத் தெருன்னு கேப்பாய்ங்க. அப்புறம் எல்லாம் தெரிஞ்சு போகும். வாடகைக்கு வீடு கேட்டு நான் பட்ட பாடு ஒனக்குத் தெரியாது. நீ டிக்கெட்டப் போட்டுப் போயிருவ. இங்க இருக்கப் போறது நாங்க."

அவன் சொன்னதில் பொய் இல்லை. அதுதான் எனக்கு இன்னும் எரிச்சலைக் கிளப்பியது. வீடு இல்லை என்று சொல்லிச் சொல்லி அவனை அலைய விட்டவர்கள் மீது வரவேண்டிய ஆத்திரம் அவன் மீது வந்தது. ஆனாலும் அம்மாவைச் சாக்குக்குள் கட்டித்தான் இந்தத் தெருவில் குடியிருக்க வேண்டுமென்றால், அப்பேர்ப்பட்ட வீடு எதற்கு? கேட்டேவிட்டேன். மதினி என் கையிலிருந்த டம்ளரை வாங்கிச் சாம்பல் போட்டுத் துலக்கி, அதில் காப்பி ஊற்றி அம்மாவிடம் கொண்டுபோய்க் கொடுத்தாள்.

கூடத்தில் பக்கத்து வீட்டு அம்மா புதுக் கண்ணாடிக் கோப்பையில் காப்பி குடித்துக்கொண்டிருந்தார். "நீங்க எந்த ஊரும்மா?" என்று கேட்டார். அண்ணன் வாசலில் அப்படியே நின்றுவிட்டான். அம்மா டம்ளரைத் திருப்பி அவர் முகத்துக்கு நேரே பிடித்தாள்.

"இதுல வெட்டிருக்கு. வாசிச்சுக்கங்க."

அவர் வாசித்தார். "ஓ, அந்தப் பக்கமா…" என்றார். வேறொன்றும் கேட்கவில்லை. கேட்காமலே தெரிந்துகொண்டது முகத்தில் தெரிந்தது. பாதிக் காப்பியைக் கீழே வைத்துவிட்டு, அடுப்பில் ஏதோ இருக்கிறதென்று எழுந்து போய்விட்டார்.

மதினி அந்தக் கோப்பையை எடுத்துக் கழுவுதொட்டிக்குக் கொண்டுபோனாள்.

"ஏத்தா, எங்க கொண்டு போற? பாலு என்ன சும்மாவா வருது?" என்று அம்மா அதை வாங்கினாள். தன் டம்ளரில் ஊற்றி ஒரே மடக்கில் குடித்தாள். பிறகு அண்ணனைப் பார்த்து, "ஏய்யா, எச்சியெல்லாம் நமக்கு ஒண்ணும் தீட்டு இல்ல. அவுகளுக்கு இருந்தா அவுக பாடு" என்றாள். அண்ணனுக்குச் சிரிப்பு வந்ததா அழுகை வந்ததா என்று எனக்குச் சொல்லத் தெரியவில்லை. சாக்கை அவிழ்த்து, மற்ற பாத்திரங்களையும் வெளியே எடுத்து வைக்க ஆரம்பித்தான்.

நான் கிளம்புவதற்கு முன்னால் எனக்கும் ஒரு டம்ளர் வாங்கித் தருவேன் என்று அம்மா பிடிவாதம் பிடித்தாள். அண்ணன்தான் விளக்குத்தூணுக்குக் கொண்டுபோய் விட்டான். கடைக்குள் மட்டும் வரவில்லை. வண்டி நிறுத்த இடமில்லையாம். அம்மா ஒவ்வொரு டம்ளராக எடுத்துச் சுண்டிப் பார்த்து, விளிம்பு கையைக் கிழிக்காததாக ஒன்றைத் தேர்ந்தெடுத்தாள். பேர் வெட்டுகிறவர் இப்போது சின்ன மெஷின் வைத்திருக்கிறார். என் பேரைக் கேட்டு வெட்டினார். "ஊரு?" என்றார்.

நான் முழித்தேன். "வெளிநாடுன்னா அந்தப் பேரையே போட்டுருவோம்த்தா. சிங்கப்பூர்னெல்லாம் வெட்டிருக்கேன்" என்றார். ஜெர்மனியா? அங்கே விசாக் காகிதம் இருக்கும் வரைக்கும்தான் நான். ஒத்தக்கடையா? அது அண்ணன் வீடு, அவனே இன்னும் அங்கே காலூன்றவில்லை. மெஷின் ர்ர்ரென்று சும்மா சுற்றிக்கொண்டிருந்தது. அம்மா என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

கூரையில் கிளாஸைச் செருகி வைத்த அந்த ஊரைத்தான் சொன்னேன். பாசத்தில் சொல்லவில்லை. எல்லாரும் குடிக்கிற கிளாஸை அது எனக்குக் கொடுக்கவில்லை அல்லவா? அதன் பேரை என் டம்ளரில் நான் சுமக்கிறேன். அந்த ஊர் அவர்கள் அப்பன் வீட்டுச் சொத்து ஒன்றும் இல்லை. என் அம்மா பருத்தி எடுத்த மண் அது.

நேற்று சபீனே டம்ளரில் இருந்த எழுத்தைத் தடவிப் பார்த்து, இது என்ன அலங்காரம் என்று கேட்டாள். என் பேரும் ஊர்ப் பேரும் என்றேன். அழகான ஊரா என்றாள். எனக்குத் தெரிந்த ஜெர்மன் வார்த்தைகளைக் கூட்டி, "டீ நல்லா நுரையாக இருக்கும்" என்றேன். அவளுக்கு என்ன புரிந்ததோ, தலையை ஆட்டிச் சிரித்தாள். டம்ளரை முழுக் கையாலும் அணைத்துப் பிடித்துக்கொண்டு, கிட்ட வைத்தே ஊற்றினாள். நுரை வரவில்லை. பச்சை இலை முத்திரையைக் குத்தினாள்.

வெளியே பனி. பெஞ்சில் உட்கார்ந்தேன். எவர்சில்வர் சூடு பொறுக்கவில்லை, ஆனால் கீழே வைக்க மனமில்லை. டம்ளரைத் திருப்பித் திருப்பிப் பிடித்துக்கொண்டு குடித்தேன். ஒருமுறை என் பேர் விரலைச் சுட்டது, மறுமுறை ஊர்ப் பேர் சுட்டது.