கடுவனைக் கொண்டுபோவதா, விடுவதா

அந்த வீட்டுக்காரரைப் பற்றி நல்லதாக ஒன்று சொல்ல வேண்டுமென்றால், அவர் வீட்டுக் குழாயில் தண்ணீர் நன்றாக வந்தது. அதற்கு மேல் எவ்வளவு யோசித்தாலும் எனக்கு ஒன்றும் வருவதில்லை.

வெள்ளவத்தையில், காலி வீதியிலிருந்து கடலுக்கு இறங்கும் ஒழுங்கை ஒன்றில் அவருடைய வீடு இருந்தது. முன்பக்கத்தில் அவரும் மனைவியும், பின்பக்க அனெக்ஸில் அக்காவும் அவளுடைய தங்கச்சி நானும். அக்கா பம்பலப்பிட்டியில் படிப்பித்தாள். நான் கோட்டையில் ஒரு கப்பல் கம்பனியின் கணக்குப் பகுதியில் வேலை செய்தேன். யுத்தம் நடந்துகொண்டிருந்தது. அம்மாவும் அப்பாவும் யாழ்ப்பாணத்தில் அகப்பட்டிருந்தார்கள். வீட்டுக்காரரும் யாழ்ப்பாணத்தவர்தான். ஆனால் கொழும்புக்கு முதலில் வந்துவிட்டவர். முதலில் வந்தவர்களுக்குப் பின்னால் வந்தவர்களைக் கண்டால் வரும் ஒருவகை அருவருப்பு அவர் முகத்தில் நிரந்தரமாக இருந்தது. நெற்றி நிறைய விபூதி. கோயில் அன்னதானம் என்றால் முதல் பெயர் அவருடையது. சீவகாருண்யத்தைப் பற்றி மணிக்கணக்காகக் கதைப்பார்.

அந்த ஒழுங்கையில் சாம்பல் நிறக் கடுவன் பூனை ஒன்று திரிந்தது. பெரிய தலை, கிழிந்த ஒரு காது, யாரையும் மதிக்காத நடை. நாங்கள் குடிவருவதற்கு முன்பே, வீடு பார்க்கப் போன அன்று, வீட்டுக்காரரின் மதிலில் அது படுத்திருந்ததை நான் என் கண்ணால் கண்டிருக்கிறேன். எங்கள் குசினி வாசலில் சாப்பிடும். வீட்டுக்காரரின் கார் மூடியின் மேல் நித்திரை கொள்ளும். ஒருநாளும் எங்கள் காலை உரசியதில்லை. சாப்பிட்டு முடிந்ததும் திரும்பியும் பாராமல் போய்விடும். எனக்கு அதைப் பிடிக்காது. அக்காவுக்கு அதுதான் பிடித்திருந்தது.

வீட்டுக்காரரின் மனைவி வைத்த பொரித்த மீனை அது தூக்கிக்கொண்டு ஓடினால், "உங்கட பூனை செய்த வேலையைப் பாத்தனீங்களோ?" என்று கேட்டுக்கொண்டு அவர் எங்கள் வாசலுக்கு வருவார். அதே பூனை அவருடைய களஞ்சிய அறையில் எலி பிடித்தால், "எங்கட கடுவன் கெட்டிக்காரன்" என்பார். இந்த இரண்டையும் ஒரே கிழமையில் ஒரே வாயால் சொல்ல அவருக்குக் கூச்சம் இருந்ததில்லை.

ஒருநாள் விடியற்காலை பொலிஸார் ஒழுங்கையைச் சுற்றிவளைத்தார்கள். எங்களை முற்றத்துக்கு வரச் சொன்னார்கள். அடையாள அட்டை இருந்தது, பொலிஸ் பதிவும் இருந்தது. ஆனாலும் எங்களிடம் வந்த பொலிஸ்காரருக்குச் சந்தேகம். வீட்டுக்காரரைக் கூப்பிட்டு, இவர்கள் யார் என்று சிங்களத்தில் கேட்டார். அக்கா அவருடைய பேத்திக்கு ஒவ்வொரு சனிக்கிழமையும் சும்மா கணக்குப் படிப்பித்துக் கொடுத்தவள். அதற்கு முதல் நாள்தான் அந்தப் பிள்ளைக்குப் பின்னம் விளங்கியது என்று அவரே வந்து சந்தோஷப்பட்டிருந்தார். இப்போது வேட்டியை ஒரு கையால் பிடித்துக்கொண்டு, எங்களைப் பாராமல், "தெரியாது மாத்தயா. வாடகைக்கு இருக்கிறார்கள். நான் இவர்களோடு கதைப்பதில்லை" என்று அழகான சிங்களத்தில் சொன்னார்.

மத்தியானம் வரை பொலிஸில் இருந்தோம். அக்காவின் பள்ளிக்கூடத்து அதிபர் வந்துதான் எங்களை வெளியில் எடுத்தார். திரும்பி வந்தபோது வீட்டுக்காரர் கேற்றடியில் நின்றார்.

"ஒண்டும் பிரச்சினை இல்லைத்தானே? நான் வடிவாச் சொல்லி விட்டனான்."

அக்கா உள்ளே போனாள். அடுத்த சனிக்கிழமை பேத்தி கொப்பியோடு வந்தாள். அக்கா படிப்பித்தாள். பிள்ளை என்ன செய்யும் என்றாள். எனக்கு அந்தப் பெருந்தன்மை கொஞ்சமும் விளங்கவில்லை.

சில மாதங்களில் அவர் எங்களை வீட்டைவிட்டு எழும்பச் சொன்னார். கனடாவிலிருந்து மகள் வருகிறாளாம், இடம் வேண்டுமாம். வெளிநாடு போக விசாவுக்குக் காத்திருக்கும் ஒரு குடும்பம் கூடுதலாகத் தர ஒப்புக்கொண்டிருந்தது என்பது ஒழுங்கை முழுக்கத் தெரியும். அவர் மட்டும் மகள் கதையை விடவில்லை. எந்த அறைக்கு என்ன திரைச்சீலை போடப் போகிறாள் என்றுகூடச் சொன்னார்.

கொட்டாஞ்சேனையில் ஒரு மாடி வீடு கிடைத்தது. கீழே வீட்டுக்காரி, தனியாக இருந்த கத்தோலிக்கப் பெண், உடுப்புத் தைப்பவர். பார்க்கப் போன அன்றே சொல்லிவிட்டார்.

"எனக்கு ஆளுங்க எவ்வளவு வந்தாலும் பரவாயில்ல. பூனை, நாய் மட்டும் வேணாம். துணியெல்லாம் மயிராப் போயிடும்."

அன்று பின்னேரமே அக்கா தொடங்கினாள்.

"கடுவனை என்ன செய்யிறது?"

"அது எங்கட பூனையே?"

"சாப்பாடு வைச்சது நாங்கள்தானே."

"அது ஒழுங்கை முழுக்கச் சாப்பிடுது. நீ வைக்காட்டில் அது சாகப்போறதில்லை. இன்னொருத்தர் வீட்டிலை களவெடுக்கும்."

"வெருண்டு போகும், பாவம்."

"நாங்கள் வெருளேக்க அது என்ன செய்தது? கார் மேலை படுத்துக் கிடந்து பாத்துக்கொண்டிருந்தது."

அக்காவுக்குச் சிரிப்பு வந்தது. ஆனால் விடவில்லை. உரப்பையில் போட்டு வாயைத் தளர்வாகக் கட்டினால் சாமான் ஏற்றும் வானில் மடியில் வைத்துக்கொண்டு போகலாம் என்றாள். காலி வீதியிலிருந்து கொட்டாஞ்சேனை போகும்வரை எத்தனை இடத்தில் மறிப்பார்கள் என்று கேட்டேன். ஆமிக்காரனுக்கு முன்னால் தானாக அசையும் ஒரு உரப்பை. அதை மடியில் வைத்திருப்பது யாழ்ப்பாணத்து அடையாள அட்டை உள்ள இரண்டு பொம்பிளைகள். அவன் பையைத் திறந்து பார்க்கும்வரை பொறுமையாக இருப்பானா?

"பூனைக்குச் சிங்களத்திலை பூசாதானே, அப்பிடிச் சொல்லுவம். எனக்குச் சிங்களம் தெரியும்தானே" என்றாள் அக்கா. சொல்லும்போதே அவளுடைய குரல் இறங்கிவிட்டது.

அவள் வீட்டுக்காரரிடமும் போய்க் கேட்டாள், நாங்கள் போனபின் கொஞ்சம் சோறு வைப்பீர்களா என்று. அவர் கதிரையில் நிமிர்ந்து உட்கார்ந்து, வாயில்லாச் சீவன்களைப் பற்றி நீளமாகப் பேசினார். அக்கா பொறுமையாகக் கேட்டுக்கொண்டு நின்றாள். பேச்சின் முடிவில், "அதாலைதான் சொல்லுறன் பிள்ளை, பழகின சீவனை விட்டிட்டுப் போறது பாவம். நீங்கள் கொண்டு போங்கோ" என்றார்.

முடிவை எடுக்க உதவியது எதிர்வீட்டு முஸ்லிம் பெண். காலி வீதியில் கணவருக்குப் பலசரக்குக் கடை. அக்கா மதிலுக்கு மேலால் விஷயத்தைச் சொன்னதும், "இதுக்கா மண்டைய ஒடைக்கிறீங்க? அது எங்கட வீட்டுலயும் தின்னுதுதானே. மீன் தல எல்லாம் வீசத்தானே போறம். நீங்க போங்க மகள், அது இங்க கெடக்கட்டும்" என்றார். ஒரு நிமிடத்தில் முடிந்தது. சீவகாருண்யம் என்ற சொல் அந்தப் பெண்ணின் வாயில் வரவேயில்லை.

கடுவனை விட்டுவிட்டுப் போனோம். வானில் சாமான் ஏற்றும்போது அது மதிலில் இருந்து காலை நக்கிக்கொண்டிருந்தது. அக்கா அதற்கு ஒருமுறை கையைக் காட்டினாள். அது மற்றக் காலை நக்கத் தொடங்கியது.

கொட்டாஞ்சேனை வீட்டில் பெட்டிகள் பாதி அவிழ்க்காமல் கிடந்த ஒரு ஞாயிற்றுக்கிழமை, கீழே கார் சத்தம் கேட்டது. எட்டிப் பார்த்தால் எங்கள் பழைய வீட்டுக்காரர். கையில் நைலோன் கயிற்றால் சுற்றிக் கட்டிய பிரம்புக் கூடை. நாங்கள் பொலிஸில் இருந்தபோது காரை எடுத்து ஒரு தெருவைத் தாண்டி வராத மனிதர், கொழும்பின் ஒரு முனையிலிருந்து மறுமுனைக்கு வந்திருந்தார்.

"உங்கட பூனை, பிள்ளை" என்றார், படியேறிய களையில் மூச்சு வாங்கியபடி. "புது ஆக்களின்ரை சின்னப் பிள்ளைக்கு இழுப்பு. பூனை கூடாதாம். எதிர்வீட்டுச் சோனகத்தி தன்ரை பொறுப்பு எண்டுதான் சொன்னவ. ஆனா அது எங்கட கார் மேலைதானே வந்து படுக்குது. பாவம், எங்கையும் கொண்டுபோய் விட மனம் வரேல்லை."

"மகள் வரேல்லையோ அங்கிள்?" என்று கேட்டேன்.

"அவ பிந்தித்தான் வாறா" என்றார், கண் இமைக்காமல்.

அக்கா அவருக்குத் தண்ணீர் கொடுத்தாள். குடித்துவிட்டுத் தன் பயணத்தின் வீரக் கதையைச் சொன்னார். வழியில் ஒரு செக்பொயின்றில் மறித்துக் கூடையில் என்ன என்று கேட்டார்களாம்.

"நான் உடனை சொல்லிப்போட்டன், இது என்ரை இல்லை எண்டு. என்ரை வீட்டிலை முந்தி இருந்த ரெண்டு யாழ்ப்பாணத்துப் பிள்ளையளின்ரை எண்டு. எங்கை இருக்கினம் எண்டு கேட்டவன். கடிதம் வந்தா அனுப்பச் சொல்லி நீங்கள் தந்த விலாசத்தைக் குடுத்தன். எழுதிக்கொண்டு விட்டிட்டான். உண்மையைச் சொன்னா ஒரு பிரச்சினையும் இல்லை."

ஒரு பூனைக்காக எங்கள் விலாசத்தை ஆமிக்காரனின் கையில் கொடுத்துவிட்டு, அதைக் கெட்டித்தனமென்று எங்களிடமே சொல்ல வந்திருக்கிறார். அவருடைய நெற்றியில் விபூதி அழியாமல் அப்படியே இருந்தது. கோபப்படுவதற்கும் ஒரு ஆள் வேண்டும். அங்கே ஆள் என்று சொல்ல யாரும் இருக்கவில்லை, வேட்டி கட்டிய ஒரு பயம் மட்டும் கதிரையில் உட்கார்ந்திருந்தது.

"நீங்கள் போங்கோ அங்கிள்" என்றேன்.

எழும்பினார். படியில் இரண்டு காலடி வைத்துவிட்டுத் திரும்பினார்.

"பிள்ளை, அந்தக் கூடை. மனுசி தேடுவா."

அக்கா கயிற்றை அவிழ்த்தாள். கடுவன் பாய்ந்து வெளியே வந்து, போகிற போக்கில், கூடைக்காக நீட்டியிருந்த அவருடைய கையைப் பிறாண்டிவிட்டு அலுமாரிக்குக் கீழே போனது. அதற்கு முன்னும் பின்னும் அந்தப் பூனை எனக்கு ஒரு சந்தோஷத்தையும் தந்ததில்லை. வெறும் கூடையைத் தூக்கிக்கொண்டு, கையை ஊதியபடி அவர் இறங்கிப் போனார்.

அடுத்த கிழமை முழுக்க, கேற் சத்தம் கேட்கும்போதெல்லாம் அடையாள அட்டைகளை எடுத்து மேசையில் வைத்தோம். அக்கா பள்ளிக்கூடத்தில் லீவு போட்டாள். ஒருவரும் வரவில்லை. எழுதிய தாளை அந்தச் சிப்பாய் எங்கே எறிந்தானோ, அல்லது எழுதுவது போல நடித்தானோ, எங்களுக்குத் தெரியாது.

கீழ்வீட்டுக்காரியிடம் அக்கா நடந்ததைச் சொல்லி மன்னிப்புக் கேட்டாள். பூனையை வேறு இடம் பார்த்துக் கொடுத்துவிடுகிறோம் என்றாள்.

"அனே, அந்த மனுசனுக்கு வெக்கமில்லையா?" என்றார் அவர். "பூனை என்ன பண்ணும்? என் பக்கம் வராமப் பாத்துக்கோங்க."

அவர் பக்கம்தான் அது போனது. எங்கள் மாடியில் அலுமாரிக்குக் கீழே நாங்கள் வைத்த சோற்றை முகர்ந்தும் பாராமல், படியிறங்கிப் போய்த் தையல் மெசினுக்குப் பக்கத்தில் கிடந்த வெட்டுத்துணிக் குவியலில் படுத்துக்கொண்டது. முதல் இரண்டு தடவை அவர் துணி அளக்கும் அடிமட்டத்தால் துரத்தினார். பிறகு துரத்தும் சத்தம் கேட்கவில்லை. ஒருநாள் நான் வேலைவிட்டு வரும்போது, அவர் கருவாட்டைப் பிய்த்துத் தட்டில் போட்டுக்கொண்டிருந்தார். என்னைக் கண்டதும் தட்டைக் காலால் மெசினுக்குக் கீழே தள்ளினார்.

"உங்க அக்காகிட்ட சொல்லாதீங்க" என்றார்.

சொன்னேன். அக்காவுக்கு வருத்தம் ஒன்றுமில்லை. அது எங்கே படுத்தால் என்ன, சாப்பிடுகிறதுதானே என்றாள். நான் அலுமாரிக்குக் கீழே கிடந்த சோற்றுத் தட்டை எடுத்துக் கழுவப் போனேன்.